த்ரேங்கமாலே: எங்கட ஊருக்கு ஒரு பிரெஞ்சுப் பெயர்

பாரிசில் ஒரு ரெஸ்ரோரண்ட் குசினியில் கனகாலமாக வேலை செய்கிற மாமா லீவுக்குத் திருமலைக்கு வந்து நின்றார். ஒருநாள் பின்னேரம் நான் விறாந்தையில் இருந்து ஐரோப்பிய வரலாற்றுக் குறிப்பு ஒன்றைச் சத்தம்போட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். 'பர்கண்டி' என்ற சொல் வந்ததும் உள்ளுக்குள் இருந்து மாமாவின் குரல்.

"பர்கண்டி இல்லைப் பிள்ளை, பூர்கோஞ். அந்தப் போத்திலைத் துடைச்சுத் துடைச்சே என்ர பாதி வயசு போட்டுது. லேபலில அப்பிடித்தான் கிடக்கும்."

"இங்கிலிஷில பர்கண்டி எண்டுதானே மாமா."

"இங்கிலிஷ்காரன் சொன்னால்? ஊர் அவங்கட. பெயரும் அவங்கட."

அதற்குப் பிறகுதான் நான் கேட்டேன்: "அப்ப எங்கட ஊரை அவங்கள் என்னெண்டு சொல்லுறவங்கள்?"

மாமா யோசித்தார். இப்போதைய பிரெஞ்சுக்காரர் ஆங்கிலத்தைப் பார்த்து 'ட்ரிங்கோமாலி' என்பார்களாம். ஆனால் 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கடற்படைக் குறிப்புகளிலும் வரைபடங்களிலும் வேறொரு எழுத்துக்கூட்டல் இருக்கிறது. ஃபோனில் எடுத்துக் காட்டினேன். மாமா வாய்விட்டு வாசித்தார்: "த்ரேங்கமாலே." பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். பிரெஞ்சில் 'த்ரேங்கே' என்றால் கிளாசோடு கிளாசை முட்டிக் குடிப்பது. 'மால்' என்றால் கூடாமல், மோசமாக. "திருக்கோணமலையை அவங்கள் வெறிக்குட்டி ஆக்கிப்போட்டாங்கள்" என்று அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இது வெறும் ஒலிப் பொருத்தம்தான். பெயரை எழுதிய மாலுமி குடியை நினைத்து எழுதவில்லை. ஆனால் மாமா சொன்ன மற்றது எனக்குள் நின்றுவிட்டது: ஊர் அவங்கட, பெயரும் அவங்கட. அது எல்லா ஊருக்கும் பொருந்துமா? பூர்கோஞ்காரருக்கு இருக்கிற அந்த உரிமை திருகோணமலைக்காரருக்கு எப்போதாவது இருந்திருக்கிறதா?

ஒரு பெயரின் விலை

முதலில் பூர்கோஞ் என்றால் என்ன என்று பார்ப்பம். கிழக்குப் பிரான்சில் டிஜோன், போன் ஆகிய நகரங்களை ஒட்டிய வரலாற்றுப் பெருநிலம் அது. உரோமர் காலத்திலேயே அங்கே திராட்சை வளர்ந்தது. 1098இல் சித்தோ என்ற இடத்தில் தொடங்கிய கத்தோலிக்கத் துறவிமடத்துத் துறவிகள் எந்தச் சரிவில், எந்த மண்ணில் எந்தச் சுவை வருகிறது என்று தலைமுறை தலைமுறையாகக் கவனித்துத் தோட்டங்களைப் பிரித்தார்கள். (எங்கட யாழ்ப்பாணத்துத் தோலகட்டி ஆச்சிரமத்தின் வைனும் நெல்லிரசமும் ஞாபகம் வந்தால் பிழையில்லை. துறவிகளுக்கும் திராட்சைக்கும் உள்ள உறவு பழையது.) 1395இல் பூர்கோஞ் கோமகன் பிலிப், கமே என்ற திராட்சை இனத்தைப் பிடுங்கி எறியச் சொல்லிக் கட்டளையே போட்டான். பினோ நுவார் என்ற இனம்தான் பெயரைக் காப்பாற்றும் என்பது அவன் எண்ணம். இப்படிப் பிரிந்த 1247 சிறு தோட்டத் துண்டுகளை 2015இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

இவ்வளவு பாடுபட்டு வந்த பெயரை மற்றவர்கள் சும்மா விடுவார்களா? அமெரிக்காவில், கலிபோர்னியாவில் விளைந்த சாதாரண சிவப்பு வைனுக்கெல்லாம் 'பர்கண்டி' என்று பெயர் போட்டுப் பல பத்தாண்டுகளாக விற்றார்கள். 2006இல் ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் செய்த உடன்பாட்டுக்குப் பிறகுதான் புதிதாக அப்படிப் பெயர் போடுவது நின்றது. அப்போதும் முன்னமே அந்தப் பெயரில் விற்றுவந்தவர்கள் தொடர்ந்து விற்கலாம் என்று ஒரு விலக்கு இருந்தது.

அதற்குப் பிறகு, 2020 வாக்கில், பூர்கோஞ் வைன் உற்பத்தியாளரையும் வணிகரையும் கொண்ட அமைப்பு இன்னொரு படி மேலே போனது. ஆங்கிலத்தில் பர்கண்டி, ஜேர்மன் மொழியில் புர்குண்ட், இத்தாலியில் போர்கோஞா, ஸ்பானிஷில் போர்கோஞ்ஞா என்று ஆளுக்கொரு பெயரில் அழைப்பதால் வாங்குபவர் குழம்புகிறார், போத்திலில் இருப்பது பூர்கோஞ் மட்டும்தான், ஆகவே எந்த மொழியில் எழுதினாலும் பூர்கோஞ் என்றே எழுதுங்கள் என்று சொன்னார்கள். ஆங்கில வைன் எழுத்தாளர்களில் சிலருக்குக் கோபம். சிலர் கிண்டலடித்தார்கள். ஆனால் அந்த அமைப்பு தன் வெளியீடுகளில் மாற்றிவிட்டது.

ஏன் அவர்களால் இப்படிச் சொல்ல முடிகிறது? அவர்களிடம் உலகம் காசு கொடுத்து வாங்குகிற பொருள் இருக்கிறது. அந்தப் பொருளைக் காக்கிற சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்காகப் பேச்சுவார்த்தை மேசையில் போய் இருக்கிற அரசு இருக்கிறது. பெயர் கடைசியாகத்தான் வருகிறது.

கோணமலை, கோகண்ண, ட்ரிங்கோ

எங்கட ஊருக்கும் பெயருக்குக் குறைவில்லை. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய பதிகத்தில் கோணமாமலை. மகாவம்சத்தில் பாளியில் கோகண்ண. நிலாவெளியில் கிடைத்த சோழர் காலத்தை ஒட்டிய தமிழ்க் கல்வெட்டில் கோணபர்வதமும் திருக்கோணமலையும். சிங்களத்தில் திரிகுணாமலய. ஆங்கிலத்தில் ட்ரிங்கோமலீ, அதையே சுருக்கி ட்ரிங்கோ. நாங்கள் ஊருக்குள் சொல்வது திருமலை. (தமிழ்நாட்டு நண்பர்களிடம் திருமலை என்று சொன்னால் திருப்பதியா என்று கேட்பார்கள். லட்டு எங்கே என்றும் கேட்பார்கள்.)

ஐரோப்பியர் கையில் இது இன்னும் பல வடிவம் எடுத்தது. திரிக்கினிமாலே, திரிங்கனமாலே, த்ரேங்கமாலே என்றெல்லாம் ஒவ்வொரு கப்பற்காரனும் தன் காதுக்குக் கேட்டபடி எழுதினான். கவனித்தால் ஒன்று தெரியும்: இவை எல்லாவற்றுக்கும் அடியில் தமிழ்ப் பெயரின் எலும்பு இருக்கிறது. 'திரு', 'கோண', 'மலை' மூன்றும் நெளிந்து வளைந்து கிடக்கின்றன. கேட்டவர்கள் எங்கட ஆட்களின் வாயிலிருந்துதான் கேட்டிருக்கிறார்கள். ஆனால் கேட்டதோடு சரி. பெயரைக் கேட்டவர்கள் வேறெதையும் கேட்கவில்லை. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கற்களாலேயே கோட்டை கட்டினார்கள். 1639இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து வந்த ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். இன்று நாங்கள் கோயிலுக்குப் போகிற வழியில் நுழைகிற கோட்டை வாசலுக்கு, 1803இல் ஆங்கிலேயர் வைத்த பெயர் பிரட்றிக் கோட்டை. யோர்க் கோமகன் பிரட்றிக் இந்த ஊரைக் கண்ணால் கண்டவரில்லை.

இந்த வரிசையில் பிரெஞ்சுக்காரரை எங்கட பள்ளிக்கூடப் புத்தகங்கள் அநேகமாக ஒரு வரியில் கடந்துவிடும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று மூன்றாகப் படித்துப் பழகிவிட்டோம். ஆனால் திருகோணமலையின் கதையில் நாலாவது ஆளும் உண்டு. இரண்டு தரம் வந்தார்.

1672: நாலு மாதம்

முதல் தரம் 1672 மார்ச்சில். பதினான்காம் லூயி மன்னன் அனுப்பிய கப்பற்படை ஒன்று ஜக்கோப் பிளாங்கே த லா ஹேயின் தலைமையில் கொட்டியார்க் குடாவுக்கு வந்தது. கொட்டியார் என்றால் இன்றைய மூதூர்ப் பக்கம். பன்னிரண்டு வருடத்துக்கு முன், 1660இல், ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயரும் அவருடைய தகப்பனும் மாலுமிகளும் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டதும் அதே குடாவில்தான்.

இரண்டாம் இராஜசிங்கனுக்கு அப்போது ஒல்லாந்தரோடு பெரிய கசப்பு. போர்த்துக்கேயரைத் துரத்த அழைத்து வந்தவர்கள் தாங்களே குந்திவிட்டார்கள். 'இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கினான்' என்று இந்தக் கதையைச் சொல்வார்கள். அந்த மிளகாயின் காரத்தைப் போக்க மன்னன் மூன்றாவது சரக்கு ஒன்றைத் தேடினான். பிரெஞ்சுக்காரருக்குக் கொட்டியாரிலும் திருகோணமலையிலும் இடம் கொடுக்கச் சம்மதித்தான். அவர்களும் குடாவுக்குள் இருந்த சிறு தீவுகளில் அரண் கட்டத் தொடங்கினார்கள்.

ஆனால் சாப்பாடு இல்லை, நோய் வந்தது, ஒல்லாந்தத் தளபதி றிக்லொஃப் வான் கூன்சின் கப்பல்கள் வந்து வழியை மறித்தன. ஜூலையில் த லா ஹே கப்பலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். விட்டுப்போன சிறு காவல்படை ஒல்லாந்தரிடம் சரணடைந்தது. மொத்தம் நாலு மாதக் கதை.

இதில் தனிக் கதை ஒன்றும் உண்டு. கண்டிக்குத் தூது போன த லெனரோல் என்ற பிரெஞ்சுப் பிரபு அரசவை முறைகளை மதிக்காமல் நடந்துகொண்டாராம். மன்னன் அவரை விலங்கிட்டு வைத்தான். அவர் பிறகு நாடு திரும்பவே இல்லை. லெனரோல் என்ற குடும்பப் பெயர் இன்றும் சிங்களவர் மத்தியில் இருக்கிறது. ஊரைப் பிடிக்க வந்தவரின் பெயரே கடைசியில் ஊரோடு சேர்ந்துவிட்டது.

இங்கிருந்து போன த லா ஹே நேரே சோழமண்டலக் கரைக்குப் போய், அந்த ஜூலையிலேயே மயிலாப்பூர் சாந்தோமைப் பிடித்தார். 1674 செப்டெம்பர் வரை அங்கே முற்றுகைக்குள் கிடந்து, அதையும் இழந்தார். அந்த இரண்டு தோல்விகளுக்கும் நடுவில்தான் அவருடைய ஆட்கள் தெற்கே ஒரு சிறு கரையோர ஊரில் இடம் பிடித்தார்கள். பிரான்சுவா மார்த்தேன் அதை வளர்த்தெடுத்தார். அதுதான் புதுச்சேரி, பிரெஞ்சு வாயில் பொண்டிஷேரி. திருகோணமலையில் அந்த அரண்கள் நின்றிருந்தால் பிரெஞ்சு இந்தியாவின் தலைநகரம் எங்கே இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கத் தோன்றும். மாமா சொன்னது: "அப்ப எனக்கு விசாப் பிரச்சினை வந்திராது."

1782: ஒரே வருடத்தில் மூன்று கொடி

இரண்டாம் தரம் இன்னும் பெரிய ஆட்டம். அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்த சுதந்திரப் போரில் பிரான்ஸ் இங்கிலாந்துக்கு எதிராக இறங்கியிருந்தது. 1780 முடிவில் ஒல்லாந்தும் இங்கிலாந்தோடு போரில் மாட்டியது. உடனே ஆங்கிலேயர் ஆசியாவில் இருந்த ஒல்லாந்த இடங்களைப் பிடிக்கத் தொடங்கினார்கள். 1781 நவம்பரில் நாகப்பட்டினம் போனது. 1782 ஜனவரியில் அட்மிரல் எட்வர்ட் ஹியூஸ் திருகோணமலையைப் பிடித்தார்.

அந்த நேரத்தில் பிரெஞ்சுக் கப்பற்படையோடு வந்தவர் சுஃப்ரென். அவருக்கு இருந்த பெரிய பிரச்சினை துறைமுகம். சோழமண்டலக் கரையில் புதுச்சேரியோ கடலூரோ காரைக்காலோ எல்லாமே திறந்த கரை. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் புயலும் அடிக்கும்போது அங்கே பெரிய கப்பல் நிற்க முடியாது. பாய் கிழிந்து, பாய்மரம் முறிந்த கப்பலைத் திருத்த ஒதுங்குவதற்கு இடம் வேண்டும். ஆங்கிலேயருக்குப் பம்பாய் இருந்தது. பிரெஞ்சுக்காரருக்குக் கைவசம் இருந்தது தூரத்து மொரிஷியஸ். வங்காள விரிகுடாப் பக்கத்தில் எந்தக் காற்றுக்கும் அசையாத ஆழமான இயற்கைத் துறைமுகம் என்றால் திருகோணமலைதான். உட்துறைமுக வீதியில் பின்னேரம் நடந்து பாருங்கோ. வெளியில் கடல் கொந்தளிக்கிற நாளிலும் உள்ளே குளம்போல் கிடக்கும். அந்த அமைதிக்காகத்தான் இவ்வளவு பேரும் செத்தார்கள்.

ஆவணி முடிவில், 1782 ஓகஸ்ட் 25ஐ ஒட்டி, சுஃப்ரென் படைகளை இறக்கினார். 30ஆம் திகதி கோட்டை சரணடைந்தது, 31இல் ஒஸ்ரன்பேர்க் கோட்டையும். ஹியூஸ் பாய் விரித்து வந்து சேர்ந்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி. செப்டெம்பர் 3இல் இரண்டு படையும் துறைமுகத்துக்கு வெளியே மோதின. முடிவு ஒருவருக்கும் தெளிவாக இல்லை. ஆனால் துறைமுகம் பிரெஞ்சுக்காரரிடமே நின்றது. ஜனவரியில் ஒல்லாந்தக் கொடி, பிறகு ஆங்கிலக் கொடி, ஓகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுக் கொடி. ஒரே வருடம்.

சுஃப்ரெனும் ஹியூஸும் மொத்தம் ஐந்து தரம் மோதினார்கள். அந்த ஐந்து சண்டையின் பெயரையும் பிரெஞ்சு வரலாற்றில் பாருங்கள்: சத்ராஸ், ப்ரொவிதியேன், நெகபத்தாம், த்ரேங்கமாலே, கோந்தலூர். எங்கட மொழியில் சொன்னால் சதுரங்கப்பட்டினம், திருகோணமலைக்குத் தெற்கே ஒரு பாறைத்தீவு, நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர். பாக்கு நீரிணைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் தமிழர் மீன்பிடிக்கிற கடல் முழுவதும் ஒரு பிரெஞ்சுப் போர்ப் பட்டியலாகிக் கிடக்கிறது. அந்தக் கரையில் அன்று வலை இழுத்தவர்கள், படகோட்டியவர்கள், படைக்கு அரிசி கொடுக்க நேர்ந்தவர்கள் யாருடைய பெயரும் அந்தப் பட்டியலோடு வரவில்லை.

சமாதானம் வந்தபோது நடந்ததுதான் எனக்கு அதிகம் உறைக்கிறது. திருகோணமலை ஒல்லாந்தருக்குத் திரும்பியது. 1784இல் பாரிசில் ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் கையெழுத்திட்ட உடன்பாட்டில் நாகப்பட்டினம் ஆங்கிலேயருக்கு என்றானது. நாகப்பட்டினம் போனது, திருகோணமலை நின்றது. இரண்டு தமிழ்க் கரையூர்களின் தலையெழுத்தும் அந்த இரண்டு ஊரிலும் இல்லாதவர்களால், அந்த ஊர்ப் பெயர்களைச் சரியாக உச்சரிக்கத் தெரியாதவர்களால் தீர்மானிக்கப்பட்டது. பதினொரு வருடம் கழித்து, 1795இல், ஆங்கிலேயர் திருகோணமலையையும் எடுத்துக்கொண்டார்கள்.

பெயர் போன இடங்கள்

அதற்குப் பிறகு பெயர்கள் தங்கள் பாட்டுக்குப் பயணம் போயின. பாரிசில் ஐஃபெல் கோபுரத்துக்குப் பக்கத்தில் சுஃப்ரெனின் பெயரில் ஒரு பெரிய வீதி இருக்கிறது. லாச்சப்பலில் இருந்து மெட்ரோவில் போய்ப் பார்க்கலாம். பிரெஞ்சுக் கடற்படையின் புதிய அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றுக்கும் அவர் பெயர்தான்.

எங்கட ஊர்ப் பெயரும் ஒரு கப்பலுக்குப் போனது. 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டிய ஆங்கிலேயப் போர்க்கப்பலுக்கு 'ட்ரிங்கோமலீ' என்று பெயர் வைத்தார்கள். 1897இல் பழைய கப்பலென்று உடைக்க விற்றபோது ஒரு பணக்காரர் வாங்கி, கொஞ்சக் காலத்தில் அதன் பெயரையே மாற்றிவிட்டார். புதுப் பெயர் 'ஃபூத்ருவாயோன்'. இடி மின்னல் போன்றது என்று அர்த்தம் வரும் பிரெஞ்சுச் சொல். அவர் முன்பு வைத்திருந்து கடலில் பறிகொடுத்த கப்பலின் பெயர் அது. ஏறத்தாழ 90 வருடம் எங்கட ஊரின் பெயர் தாங்கிய கப்பல் ஒரு பிரெஞ்சுப் பெயரோடு ஓடியது. 1992இல்தான் பழைய பெயர் திரும்பியது. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது.

இதைச் சொன்னபோது மாமா கேட்டார், "பெயரை மாத்தேக்க திருமலையில ஆரையும் கேட்டவங்களோ?" கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றியிருக்காது.

மேசையில் யார் இருக்கிறார்கள்?

பூர்கோஞ்காரர் உலகத்துக்குப் பெயர் சொல்லிக்கொடுத்த அதே காலப்பகுதியில் எங்கட பக்கத்திலும் இரண்டு விசயம் நடந்தது.

ஒன்று தமிழ்நாட்டில். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. கோயம்புத்தூர், வேலூர் எல்லாம் புது எழுத்தில் வந்தன. எழுத்துக்கூட்டலே குழப்பமாக இருந்ததால் சமூக வலைத்தளங்களில் எல்லோரும் கிண்டலடித்தார்கள். அந்த மாதமே ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். நோக்கம் பிழையென்று நான் நினைக்கவில்லை. ஆனால் அதிகாரம் இருந்தும் ஊராரைக் கேட்டுச் செய்யாதபோது ஊர்க்காரரே சிரித்துவிட்டார்கள்.

மற்றது எங்கட மாகாணத்தில். அதே 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமையை முகாமை செய்ய ஒரு ஜனாதிபதி செயலணி அமைத்தார்கள். தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் மாகாணம் இது. முதலில் நியமித்த உறுப்பினர்களில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இல்லை. எந்த மேடு என்ன மேடு, எந்தக் கல் யாருடைய கல், அதற்கு என்ன பெயர் என்று சொல்கிற இடத்தில் எங்களில் ஒருவருக்கும் கதிரை போடவில்லை. 1784இன் பாரிஸ் மேசையைப் படித்துவிட்டு இதைப் படித்தால் என்ன தோன்றும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பலகையில் பெயர் மாறுவது சின்ன விசயம் போலத் தெரியும். ஆனால் பலகைக்குப் பின்னால் காணி இருக்கிறது, வயல் இருக்கிறது, கோயில் இருக்கிறது.

பெயரைக் காக்க எங்கட நாட்டுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 'சிலோன் சினமன்', அதாவது எங்கட கறுவா, 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புவியியல் குறியீட்டுப் பாதுகாப்புப் பெற்றது. பூர்கோஞ் வைன் நிற்கிற அதே சட்ட வரிசை. வேடிக்கை என்னவென்றால், 1972இல் நாடு அதிகாரபூர்வமாகக் கைவிட்ட காலனித்துவப் பெயர்தான் 'சிலோன்'. விற்பனைக்கு என்று வரும்போது அதைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். தேயிலைக்கும் அதே கதை. (தமிழில் எங்களுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. 1972க்கு முன்னும் இலங்கை, பின்னும் இலங்கை.) ஆக அந்நியன் வைத்த பெயர் என்பதற்காக ஒருவரும் ஒரு பெயரை வெறுப்பதில்லை. தன் கையில் இருக்கிற பெயரா, தனக்குப் பலன் தருகிற பெயரா என்றுதான் பார்க்கிறார்கள்.

முதல் பெயர் யாருடையது?

இங்கே நான் ஒரு விசயத்தில் நின்று யோசிக்கவேண்டி வந்தது. திருகோணமலையில் பெயரைப் பற்றிக் கதைத்தால் கதை உடனே 'எது முதல்?' என்று போய்விடும். கோகண்ணவா, கோணமலையா? மகாவம்சமா, தேவாரமா? முகநூலில் இந்தச் சண்டை முடிவதே இல்லை. முதல் பெயர் யாருடையதோ ஊர் அவர்களுடையது என்று இரண்டு பக்கமும் நினைக்கிறது.

பூர்கோஞ் என்ற பெயரே இதற்கு ஒரு பதில் சொல்கிறது. அந்தச் சொல் பிரெஞ்சுச் சொல்லும் இல்லை, அந்த மண்ணின் சொல்லும் இல்லை. 5ஆம் நூற்றாண்டில் வடக்கேயிருந்து வந்து குடியேறிய புர்குண்டியர் என்ற ஜேர்மானிய இனத்தின் பெயர். அவர்கள் வருமுன் அங்கே கோல் இன மக்கள் இருந்தார்கள், உரோமர் இருந்தார்கள், திராட்சைத் தோட்டமும் இருந்தது. புர்குண்டியரின் அரசு 534இல் பிராங்குகளிடம் வீழ்ந்தது. அவர்களுடைய மொழியும் அழிந்தது. பெயர் மட்டும் லத்தீன் வாயிலும் பிறகு பிரெஞ்சு வாயிலும் உருண்டு பூர்கோஞ் ஆனது. அப்படியென்றால் இன்று 'இதுதான் எங்கட உண்மையான பெயர்' என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. அவர்களுடைய உரிமை முதல் ஆளாக வந்ததில் இல்லை. அந்த மண்ணில் நின்று, கொடியை வெட்டி, பழத்தைப் பிழிந்து, இன்றும் வாழ்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

எங்கட ஊரையும் நான் அப்படித்தான் பார்க்க விரும்புகிறேன். திருகோணமலை மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று சமூகமும் இருக்கிறது. எந்தச் சமூகமும் பாதியைத் தாண்டவில்லை. கிண்ணியாவில் தோணி இழுக்கிறவருக்கும், மூதூரில் வயல் செய்கிறவருக்கும், கடற்கரையில் மீன் விற்கிறவருக்கும் இந்த ஊரின் பெயரில் பங்கு இருக்கிறது. கோணமலை என்ற தமிழ்ப் பெயர் ஆயிரம் வருடத்துக்கு மேலாகத் தொடர்ந்து வழங்கிவருகிறது. வந்த ஒவ்வொரு வெள்ளைக்காரனின் குறிப்புக்குள்ளும் அது நெளிந்தபடியாவது உயிரோடு இருக்கிறது. அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் அதைச் சொல்லி வேறொருவரை வெளியே தள்ள எனக்கு விருப்பமில்லை. அதேபோல் இன்னொரு பெயரைச் சொல்லி எங்களை வெளியே தள்ளுவதையும் ஏற்கமுடியாது. கதிரை எல்லோருக்கும் போடவேண்டும் என்பதுதான் கோரிக்கை.

மாமா திரும்பிப் போகிற நாள், கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்குப் போனோம். பிரட்றிக் கோட்டைக்குள் மான்கள் வழக்கம்போல் ஆட்களிடம் சாப்பாடு கேட்டு நின்றன. மேலே ஏறிக் கடலைப் பார்த்தபோது, 1782 செப்டெம்பரில் ஹியூஸின் பாய்கள் எந்தப் பக்கம் தெரிந்திருக்கும் என்று நான் கைகாட்டினேன். மாமா அதைக் கவனிக்கவில்லை. பாரிசில் தன்னோடு வேலை செய்யும் ஒரு பிரெஞ்சுக்காரப் பெடியனுக்கு வொய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தார். பிரெஞ்சில்தான் கதைத்தார், எனக்கு விளங்கவில்லை. இடையில் ஒரு சொல் மட்டும் தமிழில் வந்தது. மெதுவாக, அசை பிரித்து, இரண்டு தரம் சொன்னார்: "தி-ரு-கோ-ண-ம-லை."

பின்னேரம் பதில் வந்தது. பெடியன் முயன்று பார்த்திருக்கிறான். 'திருகொனமலே' வரைக்கும் வந்துவிட்டான். "பரவாயில்லை, சுஃப்ரெனை விட நல்லாச் சொல்லுறான்" என்றார் மாமா.